இல்லத்தரசி துப்பறிவாளரான கதை: ஷீலா வைசாக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரை ஒட்டிய புறநகரில் கணவர், இரண்டு மகன்கள் என்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர் ஷீலா வைசாக்கி. இருபது வருடமாகக் கிடப்பில் கிடந்த ஒரு கொலை வழக்கைத் தூசி தட்டி எடுக்க வைத்தவர். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கொலையும் பாலியல் வன்முறையும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், தேவைக்கு மேல் விவரிக்கவில்லை.

எந்த வழக்கு அது?

1984 அக்டோபர் 13, அதிகாலை. டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரம். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆஞ்செலா சமோட்டா என்ற 20 வயது மாணவி தன் வீட்டிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். தோழிகளுக்கு அவர் ஆஞ்சி. அவருடைய கல்லூரி அறைத்தோழிதான் ஷீலா.

அன்று இரவு ஆஞ்சி இரண்டு நண்பர்களோடு டெக்சாஸ் பொருட்காட்சிக்குப் போய், அப்புறம் ஒரு நடன விடுதிக்கும் போய்விட்டு, அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு காதலனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. யாரோ ஓர் ஆள் வீட்டுக்குள் இருக்கிறான், தொலைபேசியும் கழிப்பறையும் பயன்படுத்திக்கொள்ளக் கேட்டான் என்று சொல்லியிருக்கிறார். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தவர் கூப்பிடவே இல்லை. காதலன் பதறிப்போய் ஓடிவந்தபோது கதவு பூட்டியிருந்தது. காவலர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கொன்றவன் யாரென்று தெரியவில்லை. விசாரணை மெல்ல ஓய்ந்தது. ஷீலா டாலஸை விட்டுப் போனார், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், வருடங்கள் ஓடின.

பொழுது போகாமல்தானே இதில் இறங்கினார்?

இந்தக் கேள்வி இல்லாத இடமே இல்லை. 'அலுத்துப்போன புறநகர் இல்லத்தரசி துப்பறியக் கிளம்பினாள்' என்பது அமெரிக்கக் கதைகளில் ரொம்ப நாளாக இருக்கிற அச்சு. கணவன் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, அமைதியான தெருவில் தனியாக இருக்கிற பெண் பக்கத்து வீட்டு மர்மத்தை மோப்பம் பிடிப்பாள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஷீலாவை அந்த அச்சில் வார்ப்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

2004-ல் பைபிள் படிக்க உட்கார்ந்திருந்த ஒரு நேரத்தில் ஆஞ்சியின் முகம் கண்முன் வந்து நின்றது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் டாலஸ் காவல்துறைக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். அதை இறை அனுபவம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆறாத துக்கம் மேலே வந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். எப்படி எடுத்துக்கொண்டாலும் அது அலுப்பு இல்லை. இருபது வயதில் தோழியைப் பறிகொடுத்த ஒருத்தி, தன் பிள்ளைகள் வளர்ந்து சற்று மூச்சுவிட நேரம் கிடைத்ததும் அந்தப் பழைய கணக்கைக் கையில் எடுத்தார். இல்லத்தரசி ஒருவர் வீட்டுக்கு வெளியே ஒரு காரியத்தில் இறங்கினாலே 'வேலைவெட்டி இல்லை போல' என்று சொல்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இருபது வருடம் காவல்துறை என்ன செய்துகொண்டிருந்தது?

1984-ல் அவர்கள் கையில் இருந்த கருவிகள் குறைவு. ரத்தம், விந்து இவற்றிலிருந்து ரத்த வகை போன்ற சிலவற்றைத்தான் அறிய முடியும். 'இந்த ஆளாக இருக்க முடியாது' என்று சிலரை விலக்கலாம். 'இவன்தான்' என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாது.

இதில் மனசை உறுத்துகிற ஒரு தற்செயல் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்தது 1984 செப்டம்பர் 10-ம் தேதி. ஆஞ்சி இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால். ஆனால் அது ஆய்வகத்திலிருந்து நீதிமன்றத்துக்கு வரச் சில வருடம் பிடித்தது. அந்த முறையின் துணையோடு பிடிபட்ட முதல் கொலையாளி 1988 ஜனவரியில்தான் இங்கிலாந்தில் தண்டனை பெற்றான். அமெரிக்காவில் குற்றவாளிகளின் டி.என்.ஏ. விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கோடிஸ் என்ற தரவுத்தளம் நாடு முழுக்கச் செயல்படத் தொடங்கியது 1998-ல்.

அதற்குப் பிறகான வருடங்களுக்குத்தான் சமாதானம் சொல்வது கஷ்டம். ஒரு வழக்கு பழசானால் அதைக் கவனித்த அதிகாரி ஓய்வு பெறுவார், அல்லது வேறு பிரிவுக்கு மாறுவார். பெட்டி கிடங்குக்குப் போய்விடும். புதிய சோதனை வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பெட்டி தானாகக் கீழே இறங்கி வராது. யாராவது ஓர் ஆள் அதைக் கேட்டு எடுக்க வேண்டும். இது டாலஸில் மட்டும் இருந்த நிலைமை இல்லை. 2009-ல் டெட்ராய்ட் நகரக் காவல்துறையின் கிடங்கு ஒன்றில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் உடலிலிருந்து எடுத்த சான்றுப் பெட்டிகள் 11,000-க்கும் மேல் சோதிக்கப்படாமல் கிடந்தது வெளியே வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெண், மிக மோசமான நேரத்திலும் மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதித்துக் கொடுத்த சான்று. டெக்சாஸிலும் இப்படித் தேங்கியவற்றைக் கணக்கெடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று 2011-ல்தான் தனிச் சட்டம் வந்தது.

அவர் உண்மையில் என்னதான் செய்தார்?

தொலைபேசியில் கூப்பிட்டார். அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அவ்வளவுதான், அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுநூறு தடவைக்கும் மேல் டாலஸ் காவல்துறையைக் கூப்பிட்டதாகச் செய்திகள் சொல்கின்றன. பதில் வரவில்லை. வந்தாலும் மழுப்பலாக வந்தது. இறந்தவரின் உறவுக்காரர்கூட இல்லை, வேறு மாநிலத்தில் இருக்கிற முன்னாள் அறைத்தோழி. அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எழுநூறு அழைப்பு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரிடம் எப்போது பேசினோம், அவர் என்ன சொன்னார், மறுபடி எப்போது கூப்பிடச் சொன்னார் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பேசியவர் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். வந்தவரிடம் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். தோழியின் சாவை முன்பின் தெரியாத ஒருவரிடம் நிதானமாக, அழாமல் சொல்ல வேண்டும். நடுவில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். இதைச் சாதாரண வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தனியார் துப்பறிவாளர் உரிமம் எதற்கு வாங்கினார்? அது இருந்தால் போலீஸ் மாதிரி அதிகாரம் வந்துவிடுமா?

வராது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் துப்பறிவாளராக வேலை செய்ய மாநில உரிமம் வேண்டும். டென்னசியிலும் அப்படித்தான். உரிமம் இருந்தாலும் போலீஸ் செய்வதுபோல் கைது செய்ய முடியாது, ஒருவர் வீட்டைச் சோதனை போட முடியாது, தொலைபேசியை ஒட்டுக்கேட்டால் சிறைக்குப் போக வேண்டியதுதான். நீதிமன்ற ஆவணம், நிலப் பதிவு மாதிரி பொதுவில் உள்ளவற்றைத் தேடலாம், ஆட்களைச் சந்தித்துப் பேசலாம், பொது இடத்தில் நின்று கவனிக்கலாம். கிட்டத்தட்ட எல்லாக் குடிமக்களும் செய்யக்கூடியவைதான்.

அப்புறம் எதற்கு? மதிப்புக்கு. 'ஆஞ்சியின் தோழி பேசுகிறேன்' என்றால் அனுதாபம் கிடைக்கும், பதில் கிடைக்காது. தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்று தெரிந்ததும் ஷீலா படித்து, உரிமம் பெற்று, தொழில்காரராகப் பேசத் தொடங்கினார். நாற்பதை எட்டிய வயதில், வீட்டையும் கவனித்துக்கொண்டு.

சரி, கொலைகாரனைக் கண்டுபிடித்தது ஷீலாவா, டி.என்.ஏ.வா?

டி.என்.ஏ.தான். ஆளையும் சொல்ல வேண்டும் என்றால் லிண்டா க்ரம். டாலஸ் காவல்துறையில் பழைய வழக்குகளைப் பார்த்த துப்பறியும் அதிகாரி. அவரிடம் கோப்பு வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1984-ல் சேகரித்த சான்றுகள் புதிய முறையில் சோதிக்கப்பட்டன. 2008-ல் டி.என்.ஏ. ஒரு பெயரோடு பொருந்தியது: டொனால்ட் பெஸ். வேறொரு பாலியல் வன்முறை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று ஏற்கெனவே டெக்சாஸ் சிறையில் இருந்தவன்.

இன்னொரு விவரம் இன்னும் வலிக்கும். 1978-ல் இதே மாதிரிக் குற்றத்துக்கு அவனுக்கு 25 ஆண்டு சிறை விதிக்கப்பட்டிருந்தது. ஆஞ்சி கொல்லப்பட்ட அன்று அவன், தண்டனைக் காலம் முடியும் முன்பே பரோலில் விடப்பட்டு, வெளியே இருந்தான். பரோல் கொடுத்த குழுவின் கையெழுத்து வேறு மாதிரி விழுந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஷீலா இல்லாவிட்டாலும் இது ஒருநாள் நடந்திருக்குமே என்று சிலர் வாதம் செய்கிறார்கள். நடந்திருக்கலாம். ஆனால் அப்படி 'ஒருநாள்' வருவதற்காகக் காத்திருந்த பெட்டிகள் எத்தனை என்று டெட்ராய்ட் காட்டியதே. சான்றைச் சோதித்தது ஆய்வகம், வழக்கை நடத்தியது அரசு. ஆஞ்சியின் பெயரை யாரும் மறக்கவிடாமல் செய்தது ஷீலா. இந்த மூன்றையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் வைப்பது க்ரமுக்கும் நியாயம் இல்லை.

ஷீலா ஆரம்பத்திலிருந்து பெஸ்ஸைச் சந்தேகித்தாரா?

இல்லை. அவனை அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் பல வருடம் சந்தேகப்பட்டது இன்னொருவரை. அன்று இரவு ஆஞ்சியோடு வெளியே போயிருந்த ஓர் இளம் கட்டடக் கலைஞரை. காவல்துறையின் பார்வையும் நெடுநாள் அவர் மேல்தான் இருந்தது. அவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை, ஆனால் சந்தேகம் நிழல் மாதிரிக் கூடவே நடந்தது. டி.என்.ஏ. முடிவு வந்ததும் அவர் துளியும் சம்பந்தமில்லாதவர் என்பது உறுதியானது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே போதுமான அளவு எழுதிவிட்டார்கள்.

இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் இந்தப் பகுதியை விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷீலாவின் உள்ளுணர்வு பிழை. விடாமுயற்சி சரி. அவர் கேட்டுக்கொண்டிருந்தது 'அந்த ஆளைப் பிடியுங்கள்' என்பதாக மட்டும் இருந்திருந்தால், ஓர் அப்பாவி மேல் பழி இன்னும் கெட்டியாகியிருக்கும். 'சான்றை எடுத்துச் சோதியுங்கள்' என்று சேர்த்துக் கேட்டதால்தான் அவருடைய சந்தேகத்தையே அந்தச் சான்று உடைத்துக் காட்டியது.

வீட்டு வேலையில் பழகிய கண் துப்பறிய உதவுமா?

உதவும். இதற்கு ஷீலாவை விட நல்ல உதாரணம் ஃபிரான்சஸ் க்ளெஸ்னர் லீ என்ற பாட்டி. சிகாகோவில் பெரிய பணக்காரக் குடும்பத்தில் 1878-ல் பிறந்தவர். புறநகர் இல்லத்தரசி என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் பெண்பிள்ளைக்குத் தையலும் பின்னலும் வீட்டு அலங்காரமும் போதும் என்று வளர்க்கப்பட்டவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மர்மமான சாவுகளை மருத்துவ ரீதியாக ஆராயும் படிப்புக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு 1931-ல் நிதி கொடுத்துத் துறை தொடங்க உதவினார். 1943-ல் நியூ ஹாம்ப்ஷர் மாநிலக் காவல்துறை அவருக்குக் கேப்டன் பதவி கொடுத்தது.

அவர் செய்த காரியம் அற்புதமானது. சாவு நடந்த அறைகளைப் பொம்மை வீடுகளாகச் செய்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவு. சமையலறை அலமாரியில் டப்பாக்கள், சுவரில் தேதி காட்டும் நாள்காட்டி, பூட்டித் திறக்கக்கூடிய கதவு. பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளை வைத்துப் பின்னினார். உடலின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது, ரத்தம் எந்தப் பக்கம் தெறித்திருக்கிறது என்பதெல்லாம் பிசகாமல் இருக்கும். காவல் அதிகாரிகளை அந்த வீடுகளின் முன்னால் நிறுத்தி, குறிப்பிட்ட நேரத்துக்குள் கவனித்ததைச் சொல்லச் சொல்வார். அடுப்பில் என்ன பாதியில் நிற்கிறது, எது மடித்துவைக்கப்பட்டிருக்கிறது, எது மடிக்காமல் கிடக்கிறது என்பதில்தான் விடையின் நுனி இருக்கும். அன்றாடம் வீடு நடத்துகிறவர்களுக்கு அது சட்டென்று கண்ணில் படும், நடத்தாதவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். அவற்றில் பதினெட்டு இன்னும் பால்டிமோரில், மேரிலாந்து மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இப்படித் தொழில்முறை சாராத வேறு யார் இருக்கிறார்கள்?

நிறையப் பேர். அதே டென்னசியைச் சேர்ந்த டாட் மேத்யூஸ் என்ற தொழிற்சாலைத் தொழிலாளி, 1968-ல் கென்டக்கியில் கிடைத்த பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் உடல் யாருடையது என்பதை இணையத்தில் தேடித் தேடி 1998-ல் கண்டுபிடித்தார். அந்த உடலை முதலில் பார்த்தவர் அவருடைய மாமனார். டி.என்.ஏ. சோதனை அதை உறுதி செய்தது. அக்கா எங்கே என்று முப்பது வருடம் தவித்த தங்கைக்குப் பதில் கிடைத்தது. அடையாளம் தெரியாத உடல்களையும் காணாமல் போனவர்களையும் பொருத்திப் பார்க்கும் டோ நெட்வொர்க் என்ற தன்னார்வ அமைப்பிலும் அவர் வேலை செய்தார்.

லாஸ் ஏஞ்சலிஸில் மிஷெல் மெக்னமாரா என்ற எழுத்தாளர், இரவில் வீடு தூங்கிய பிறகு, மகளின் விளையாட்டு அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, கலிபோர்னியாவில் பல பெண்களை நாசம் செய்த, பலரைக் கொன்ற ஒருவனைத் தேடினார். 2016 ஏப்ரலில் தூக்கத்திலேயே இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, 2018 ஏப்ரலில், உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு ஆளைத் தேடும் முறை வழியாக ஜோசப் டிஆஞ்செலோ என்ற முன்னாள் காவலர் பிடிபட்டான். மெக்னமாரா கொடுத்த துப்பால் பிடிபடவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் அந்த வழக்கை ஊர் மறக்காமல் இருக்க அவருடைய எழுத்து உதவியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதனால் தீங்கும் வருமே?

வந்திருக்கிறது. 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, இணையத்தில் கூடியவர்கள் படங்களை ஒப்பிட்டு, காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குண்டு வைத்தவர் என்று சொன்னார்கள். அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசவும் மிரட்டலும் போய்ச் சேர்ந்தன. பெயரைப் பொதுவில் வீசுவதற்கும், சான்றை அதிகாரியிடம் சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எங்கள் குடும்பத்திலும் தீராத பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் ஞாபகத்தில் இருப்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். நேரில் பார்த்தது, மற்றவர் சொல்லிக் கேட்டது, நீங்களாக ஊகித்தது மூன்றையும் கலக்காதீர்கள். வருடங்கள் போனால் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடும். ஒரே நோட்டில் எழுதுங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, பேசியவர் பெயர், சொன்ன பதில் போட்டு வையுங்கள்.

அதன்பிறகு காவல் நிலையத்தில் கேட்க வேண்டியவை: இப்போது கோப்பு யார் பொறுப்பில் இருக்கிறது? அன்று கைப்பற்றிய பொருட்கள் பத்திரமாக இருக்கின்றனவா? கடைசியாக அவை எப்போது சோதிக்கப்பட்டன? 'யார் செய்தது' என்று கேட்டால் 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பெட்டி எங்கே என்று கேட்டால் யாராவது எழுந்து போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மரியாதையாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். சந்தேகப்படுகிறவர் வீட்டு வாசலுக்கு மட்டும் போகாதீர்கள். உங்கள் உயிருக்கும் ஆபத்து, நாளைக்கு வழக்கு நீதிமன்றம் போனால் அதற்கும் ஆபத்து.

பெஸ்ஸுக்கு என்ன தண்டனை? ஷீலா பிறகு என்ன செய்தார்?

2010 ஜூனில் டாலஸ் நீதிமன்றத்தில் நடுவர் குழு அவனைக் குற்றவாளி என்று அறிவித்து மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 2013-ல் அது உறுதியானது. தண்டனை நிறைவேறும் முன்பே, 2022-ல், காவலில் இருக்கும்போது இறந்தான்.

ஷீலா வேலையை நிறுத்தவில்லை. உரிமம் ஒரு வழக்குக்காக வாங்கியதுதான். ஆனால் செய்தி பரவியதும், தங்கள் பிள்ளையின் சாவு விபத்து என்றோ தற்கொலை என்றோ மூடப்பட்டதை ஏற்க முடியாத பெற்றோர் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். எழுநூறு தடவை கூப்பிட்டும் பதில் வராதது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர்களுடைய கோப்புகளை அவர் கையில் எடுத்தார்.